பீர் ஊருக்குக் குடிபோன ஒயின் கம்பெனி

கும்பகோணத்துக்குப் போய் ஒருவர் டீத்தூள் கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் திறந்தால் ஊர் என்ன சொல்லும்? 2015-ல் அமெரிக்காவில் இரண்டு எம்.ஐ.டி. பட்டதாரிகள் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள். ரிச்சர்ட் யாவ், ஜோ லாரெண்டி என்று பெயர். 2014-ல் பாஸ்டனில் அவர்கள் தொடங்கிய ஒயின் கம்பெனியின் பெயர் ப்ரைட் செல்லர்ஸ். கம்பெனிக்கு ஒரு வயது ஆன கையோடு மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு போய் இறங்கிய ஊர், விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி.

மில்வாக்கி என்றால் அமெரிக்கர்கள் வாயில் அடுத்து வரும் வார்த்தை பீர். ஷ்லிட்ஸ், பாப்ஸ்ட், பிளாட்ஸ், மில்லர் என்று பெரிய பெரிய பீர் ஆலைகளை, ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் 19-ம் நூற்றாண்டில் அங்கே எழுப்பினார்கள். ஊரின் பேஸ்பால் அணிக்கே ‘ப்ரூவர்ஸ்’ என்றுதான் பெயர், பீர் காய்ச்சுபவர்கள். பீரை விட்டால் அந்த மாநிலத்துக்குப் பிராந்தி. கோர்பெல் என்ற கலிபோர்னியக் கம்பெனி தயாரிக்கும் பிராந்தியில் ஏறக்குறைய பாதியை இந்த ஒரே மாநிலம் குடித்துத் தீர்க்கிறது என்பார்கள். ஒயினுக்கு அங்கே மூன்றாவது பந்திதான்.

திராட்சைத் தோட்டம் வேண்டும் என்றால் கலிபோர்னியாவுக்குப் போயிருக்கலாம். பணம் வேண்டும் என்றால் நியூயார்க். எதுவுமே வேண்டாம் என்றால் இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாம், பாஸ்டன் ஒன்றும் பட்டிக்காடு அல்லவே. ஆனால் அவர்கள் போன மாநிலம், புதுத் தொழில் தொடங்கும் வேகத்தில் அந்த ஆண்டு நாட்டிலேயே கடைசி. தொழில்முனைவை ஆராயும் காஃப்மன் அறக்கட்டளை வெளியிட்ட மாநிலப் பட்டியலில் 2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று வருடம் கடைசிப் பெஞ்சு விஸ்கான்சினுக்குத்தான்.

தெரியாமல் போனார்களா, தெரிந்தே போனார்களா? தெரிந்தேதான் என்று நினைக்கிறேன். அதற்கான கணக்கை விளக்க, முதலில் இந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

ஏழு கேள்வி, நாலு பாட்டில்

ஒயின் கடையில் நுழைகிறவர்களில் பெரும்பாலோருக்கு வரும் முதல் உணர்ச்சி தாகம் அல்ல, கூச்சம். முன்னூறு பாட்டில் வரிசையாக நிற்கிறது, பாதிப் பெயரை வாசிக்கவே வராது. விலை பார்த்து, லேபிளில் படம் பார்த்து, நடுத்தரமாக ஒன்றை எடுத்துக்கொண்டு நழுவுவார்கள். இந்தக் கூச்சத்தைத்தான் ப்ரைட் செல்லர்ஸ் வியாபாரமாக்கியது. இணையத்தில் ஏழு கேள்வி கேட்பார்கள், ஒயினைப் பற்றி அல்ல. என்ன சாக்லேட் பிடிக்கும், டீ எப்படிக் குடிப்பீர்கள் என்கிற வகைக் கேள்விகள். கறுப்புச் சாக்லேட்டின் கசப்பை ரசிக்கிறவருக்குத் துவர்ப்பு தூக்கலான சிவப்பு ஒயின் பிடிக்க வாய்ப்பு உண்டு என்கிற மாதிரி, ஒயினின் குணங்களையும் ஆளின் நாக்கையும் ஒரு நிரல் பொருத்திப் பார்க்கும். மாதம் ஒரு பெட்டி வரும். குடித்துவிட்டு மதிப்பெண் போட்டால் அடுத்த பெட்டி இன்னும் பொருந்தி வரும். வழக்கமான பெட்டியில் அப்போது நாலு பாட்டில்.

எம்.ஐ.டி.க்காரர்களுக்கு இது ஒயின் வியாபாரமாகவே தெரிந்திருக்காது, தரவு வியாபாரமாகத்தான் தெரிந்திருக்கும். அதனால்தான் தலைமை அலுவலகம் என்ற கேள்வியும் விசித்திரமாகிவிடுகிறது. இந்த மாதிரிக் கம்பெனிக்குத் தோட்டம் கிடையாது. பழம் பிழிகிற இடமும் பீப்பாய் அடுக்கிய நிலவறையும் வேறு யாருடையதோ. அமெரிக்காவில் தயாராகும் ஒயினில் ஐந்தில் நான்கு பங்கு கலிபோர்னியாவிலிருந்து வருகிறது. அஞ்சல் வழி விற்கிறவர்களின் சரக்கும் பெரும்பாலும் அங்கேயே ஒரு கிடங்கில் பெட்டிக்குள் போய், அங்கிருந்தே கூரியர் ஏறும். தலைமை அலுவலகத்தில் இருப்பது மேசை, நாற்காலி, கணினி, காபி மிஷின், சுவைத்துப் பார்க்கத் திறந்த பத்துப் பன்னிரண்டு பாட்டில். பெட்டி ஒன்றுகூட அந்த வாசல் வழியாகப் போவதில்லை.

அப்படியானால் தலையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். எங்கே வைத்தால் கழுத்து அதிக நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி.

எத்தனை மாதம் தாங்கும்?

மில்வாக்கிக்கு அவர்களை இழுத்தது ஜெனரேட்டர் என்ற நிறுவனம். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் நடுவே 8 என்ற எண்ணைச் செருகி எழுதுவார்கள், அந்தக் காலத்து ஃபேஷன். 2012-ல் தொடங்கியது. ஒரு தடவைக்கு ஐந்தே ஐந்து இளம் கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்து, கையில் கொஞ்சம் முதலீடு கொடுத்து, 12 வாரம் பக்கத்தில் உட்கார வைத்துத் தொழில் பழக்குவார்கள். பதிலுக்குக் கம்பெனியில் ஒரு சிறு பங்கு. இப்படிப் பயிற்சிக்கு வருகிற வெளியூர்க் கம்பெனிகள் பன்னிரண்டாவது வாரம் முடிந்ததும் ஊரைப் பார்த்துக் கிளம்பிவிடுவதுதான் வழக்கம். ப்ரைட் செல்லர்ஸ் தங்கிவிட்டது.

ஏன் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கவனியுங்கள், அவர்களுடைய கணக்குப் புத்தகம் அல்ல, நான் போடுவது. கையில் 10 லட்சம் டாலர். பெரிய ஊரில் மாதச் செலவு 80,000. அதில் சம்பளமும் வாடகையும் மட்டும் 65,000. பன்னிரண்டரை மாதத்தில் பணம் காலி. அதே ஆட்களைச் சின்ன ஊரில் வைத்தால் சம்பளமும் வாடகையும் 45,000-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். மொத்தச் செலவு 60,000. இப்போது அதே பணம் பதினாறரை மாதத்துக்கு மேல் வரும்.

நாலு மாதம்தானே என்று தோன்றும். ஆகஸ்டில் பணம் வாங்கியவருக்கு இந்த நாலு மாதம் என்றால் என்ன அர்த்தம்? முதல் கணக்கில் அடுத்த ஆகஸ்டிலேயே கடையைச் சாத்த வேண்டும். இரண்டாவது கணக்கில் அடுத்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் வரை மூச்சு இருக்கிறது. அமெரிக்காவில் ஒயின் விற்பனை சூடு பிடிப்பதே அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான். நம் ஊரில் ஒரு ஜவுளிக் கடைக்காரரிடம் போய், உன் கடைக்கு இன்னும் ஒரு தீபாவளி பார்க்கிற ஆயுள் தருகிறேன் என்றால் அவர் எந்த ஊருக்குத்தான் வரமாட்டார்?

மாதச் சந்தா வியாபாரத்துக்கு இந்த நீட்டிப்பு இன்னும் முக்கியம். முதல் பெட்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துத்தான் ஆளைப் பிடிக்கிறார்கள். விளம்பரச் செலவு, தள்ளுபடி, கூரியர் எல்லாம் சேர்த்தால் முதல் பெட்டி நஷ்டம். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது பெட்டி வரை ஆள் தங்கினால்தான் போட்டது திரும்பும். எவ்வளவு பேர் தங்குகிறார்கள் என்பது மாதங்கள் ஓடினால்தான் தெரியும், எந்த நிரலாலும் அதைச் சீக்கிரப்படுத்த முடியாது. முதலீட்டாளர் கேட்பதும் அந்த எண்ணைத்தான். நாலு மாதம் கூடக் கிடைத்தவர் கையில் நாலு மாதத் தரவு கூட இருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. ஊர் மாறினால் மலிவாவது சம்பளமும் வாடகையும் மட்டும்தான். ஒயினின் கொள்முதல் விலை மாறாது. கண்ணாடி பாட்டில் விலை, கூரியர் கட்டணம், ஃபேஸ்புக் விளம்பரக் கட்டணம் எதுவும் நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறீர்கள் என்று பார்க்காது. கம்பெனி வளர வளரச் செலவில் பெரும்பங்கு இவற்றுக்கே போகும். மாதம் 10 லட்சம் டாலர் செலவழிக்கிற நிலைமையில் அதில் 7 லட்சம் சரக்குக்கும் விளம்பரத்துக்கும் போனால், ஊர் மாறி மிச்சம் பிடிக்கக்கூடியது சொற்பம். அதே நேரம் இடம்பெயர்க்க வேண்டியது ஆறு பேரை அல்ல, அறுபது குடும்பங்களை. ஆக, ஊர் மாறுவதால் லாபம் அதிகம் கிடைப்பது மாற்றுவதற்கு எதுவுமே இல்லாத வயதில்தான். ஒரு வயதில் இடம் மாறியது தற்செயலாக இருக்கலாம், ஆனால் சரியான வயது அதுவே.

இன்னொரு காரணம் அரசு. விஸ்கான்சின் 2005 முதல் ஒரு வரிச் சலுகை தருகிறது. மாநிலத்தின் சான்று பெற்ற இளம் கம்பெனியில் பணம் போடுகிறவருக்கு, போட்ட தொகையில் 25 சதவீதம் மாநில வரியில் கழியும். சான்று வேண்டும் என்றால் தலைமை அலுவலகம் மாநிலத்துக்குள் இருக்க வேண்டும், ஊழியர்களில் 51 சதவீதமாவது அங்கேயே வேலை பார்க்க வேண்டும். பெயர்ப் பலகையை மட்டும் அங்கே மாட்டிவிட்டுக் கலிபோர்னியாவில் உட்கார்ந்திருக்க முடியாது. தலைமை அலுவலகம் என்பது வெறும் கௌரவச் சொல் என்று நினைப்பவர்கள் இந்தச் சட்டத்தைப் படித்துப் பார்க்கலாம்.

மூன்றாவதை எண்ணில் சொல்ல முடியாது. பாஸ்டனில் எம்.ஐ.டி. முடித்து கம்பெனி தொடங்கியவர்கள் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். மில்வாக்கியில் அவர்களே செய்தி. உள்ளூர்ப் பத்திரிகை எழுதும், மேல்மட்டத்து ஆட்கள் போனை எடுப்பார்கள், முதலீட்டாளர் நேரில் வரச் சொல்வார். கடைசிப் பெஞ்சு மாநிலம் என்பதன் மறுபக்கம் இது. பெஞ்சில் இடம் தாராளம்.

கிளம்பிய வருடம் திறந்த கதவு

இங்கே ஒரு சுவையான முரண் இருக்கிறது. அதைச் சொல்ல அமெரிக்க மதுச் சட்டத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

நமக்கு மது என்றால் டாஸ்மாக். 1983-ல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கி, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிற ஒரே முதலாளி. அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு ஒழிந்தபோது, 21-வது அரசியல் சட்டத் திருத்தம் மதுவைப் பற்றிய அதிகாரத்தை மாநிலங்களின் கையில் கொடுத்தது. ஆளுக்கொரு சட்டம் போட்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் மூன்று படிக்கட்டு: தயாரிக்கிறவர் மொத்த வியாபாரிக்குத்தான் விற்கலாம், அவர் கடைக்காரருக்கு, கடைக்காரர் குடிக்கிறவருக்கு. ஒருவர் இன்னொருவர் படியில் கால் வைக்கக் கூடாது. நடுப்படியில் நிற்பவருக்கு இதைவிட நல்ல சட்டம் இருக்க முடியாது.

சின்னச் சின்ன ஒயின் தயாரிப்பாளர்களை மொத்த வியாபாரிகள் சீண்டுவதே இல்லை. அந்தத் தயாரிப்பாளர்கள் வாடிக்கையாளருக்கு நேரடியாக அனுப்பப் பார்த்தார்கள். உள்ளூர்த் தயாரிப்பாளர் அனுப்பலாம், வெளி மாநிலத்தவர் கூடாது என்று சில மாநிலங்கள் மறித்தன. 2005-ல் மிச்சிகன், நியூயார்க் சட்டங்களைப் பற்றிய கிரான்ஹோம் வழக்கில், இந்தப் பாரபட்சம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. வீட்டு வாசலுக்கு ஒயின் வருகிற தொழிலே அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது. இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் தனி அனுமதி, தனி வரி, தனிப் படிவம். யூட்டா மாதிரி இன்னமும் கதவைச் சாத்தி வைத்திருக்கிற மாநிலமும் உண்டு.

இதில் மாசசூசெட்ஸ் அடித்த கூத்து தனி. பாஸ்டன் இருக்கும் மாநிலம். பெரிய தயாரிப்பாளர்களைத் தடுக்கிற மாதிரி ஒரு சட்டம் போட்டு, 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. தோற்ற பிறகும் கதவு திறக்கவில்லை, காரணம் வேன். மது ஏற்றுகிற ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி உரிமம் என்று ஒரு விதி இருந்தது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான வண்டி ஓட்டுகிற கூரியர் கம்பெனிகள், போய்யா நீயும் உன் உரிமமும் என்று அந்த மாநிலத்துக்கு ஒயின் எடுப்பதையே விட்டுவிட்டன. கடைசியில் அழுத்தம் வந்தது அமெரிக்கக் கால்பந்திலிருந்து. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் பழைய குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ, ஓய்வுக்குப் பிறகு வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலாவில் சொந்தமாக ஒயின் தயாரிக்கத் தொடங்கியிருந்தார். அவருடைய ரசிகர்கள் எல்லாரும் மாசசூசெட்ஸில். ஒரு பாட்டில்கூட அவர்களுக்கு அனுப்ப முடியவில்லை. பாஸ்டனுக்கே வந்து சட்டத்தை மாற்றச் சொல்லிப் பிரசாரம் செய்தார். 2014-ல் சட்டம் மாறியது. 2015 ஜனவரி 1 முதல் வெளி மாநில ஒயின் தயாரிப்பாளர்கள் உரிமம் வாங்கி அந்த மாநிலத்து வீடுகளுக்கு அனுப்பலாம்.

ஆக, வீட்டுக்கு ஒயின் அனுப்புகிற ஒரு கம்பெனி, வீட்டுக்கு ஒயின் வர முடியாத மாநிலத்தில் பிறந்தது. கதவு திறந்த வருடத்தில் வெளியேறியது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மது உரிமம் சரக்கு கிளம்பும் இடத்தையும் சேரும் வாசலையும் பார்க்கிறது. நடுவில் எந்த ஊரில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறார்கள் என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மாநிலத்துக்கு மாநிலம் இத்தனை கெடுபிடி செய்கிற ஒரு தொழிலில், தலைமை அலுவலகம் மட்டும் காற்றில் பறக்கிற பட்டம் மாதிரி எங்கேயும் போகலாம்.

தலை போன ஊர்

மில்வாக்கிக்கு இந்தக் கதை புதிதல்ல. அங்கே வந்த தலையைவிடப் போன தலைகள் அதிகம்.

ஷ்லிட்ஸ் ஆலையில் 1981-ல் வேலைநிறுத்தம் நடந்தது, அந்த வருடமே மில்வாக்கி ஆலை மூடப்பட்டது. பாப்ஸ்ட் 1996-ல் மூடியது. ஆனால் பாப்ஸ்ட் என்ற கம்பெனி சாகவில்லை. ஆலை இல்லாமலே வாழக் கற்றுக்கொண்டது. தன் பெயரில் பீர் காய்ச்சித் தரும் வேலையை மில்லரிடம் ஒப்படைத்துவிட்டு, தலைமை அலுவலகத்தை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. டெக்சாஸின் சான் அன்டோனியோ, 2006-ல் சிகாகோ புறநகர், 2011-ல் லாஸ் ஏஞ்சலஸ், 2020-ல் மறுபடி சான் அன்டோனியோ. பீர் மட்டும் பல வருடம், எதிரியாக இருந்தவரின் ஆலைகளில், காய்ந்துகொண்டிருந்தது.

மில்லர் கதை இன்னும் வேடிக்கை. 1855-ல் ஃப்ரெடரிக் மில்லர் ஒரு பழைய ஆலையை வாங்கி ஆரம்பித்த கம்பெனி. 2008-ல் அமெரிக்க வியாபாரத்துக்காகக் கொலராடோவின் கூர்ஸுடன் சேர்ந்து மில்லர்கூர்ஸ் ஆனது. தலைமை அலுவலகம் யார் வீட்டில்? மில்வாக்கி என்றால் கூர்ஸ்காரர்களுக்கு மனத்தாங்கல், டென்வர் என்றால் மில்லர்காரர்களுக்கு. இரண்டும் வேண்டாம் என்று சிகாகோவைப் பிடித்தார்கள். சம்பந்திகள் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காதபோது கல்யாணத்தை மூன்றாவது ஊர் மண்டபத்தில் வைப்போமே, அந்த மாதிரி. 2019-ல் தாய்க் கம்பெனியான மோல்சன் கூர்ஸ் டென்வர் அலுவலகத்தை மூடி, வட அமெரிக்கத் தலைமையையும் சிகாகோவுக்கே மாற்றுவதாக அறிவித்தது. அதில் சில பின்புல வேலைகள் மில்வாக்கிக்குத் திரும்பின. தலை சிகாகோவில், கை கால் மில்வாக்கியில்.

1960-ல் 7.41 லட்சம் பேர் இருந்த நகரம், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5.77 லட்சத்தில் நின்றது. இப்படி ஒரு ஊருக்கு, சின்ன ஒயின் அலுவலகம் ஒன்று வந்ததை ஏன் கொண்டாடினார்கள் என்று இப்போது புரியும்.

எதிர்த்திசையில் போனவர்கள்

எல்லாரும் சின்ன ஊருக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. விவினோவைப் பாருங்கள். பாட்டில் லேபிளைப் போனில் படம் எடுத்தால் மற்றவர்கள் போட்ட மதிப்பெண்ணைக் காட்டும் செயலி. 2010-ல் கோபன்ஹேகனில் தொடங்கியவர்களில் ஒருவர் ஹெய்னி சக்கரியாசன், வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபேரோ தீவுகளில் பிறந்தவர். திராட்சை விளைய வழியே இல்லாத தீவுகள் அவை. கம்பெனி வளர்ந்ததும் அவர் தலைமை அலுவலகத்தை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார், மென்பொருள் ஆட்கள் பலர் கோபன்ஹேகனிலேயே இருந்தார்கள். 2021-ல் ஸ்வீடனின் கின்னெவிக் தலைமையில் 15.5 கோடி டாலர் முதலீடு வந்தது. அவருக்கு மிச்சம் பிடிப்பது நோக்கமல்ல. பணமும் சந்தையும் இருக்கும் இடத்தில் முகம் காட்ட வேண்டியிருந்தது. நம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் சென்னையில் பிறந்து கலிபோர்னியாவில் தலையை வைத்ததும் இதே கணக்குதான். ஜோஹோ தென்காசிப் பக்கம் போனது மில்வாக்கிக் கணக்குக்குக் கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் ஜோஹோவுக்கு வெளி முதலீடு கிடையாது, மாதம் எண்ணவேண்டிய பயமும் கிடையாது. அது வேறு கதை.

எனக்கு மிகவும் பிடித்த இடமாற்றம் இங்கிலாந்தில் நடந்தது. கிழக்கே நார்விச் என்று ஒரு பழைய ஊர். ஆங்கிலேயர்களிடமே கேட்டாலும் ஒயினோடு சேர்த்து நினைக்கமாட்டார்கள். அங்கே 2000-ல் வர்ஜின் ஒயின்ஸ் என்ற இணையக் கடை வந்தது. அதை நடத்திய ரோவன் கோர்ம்லி, வெளியே வந்து 2008-ல் அதே ஊரிலேயே நேக்கட் ஒயின்ஸ் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் மாதாமாதம் கொஞ்சம் பணம் கட்டுவார்கள், அதை முன்பணமாக வைத்துச் சிறு தயாரிப்பாளர்களிடம் ஒயின் வாங்குவார்கள். நம் நகைக்கடைச் சீட்டு மாதிரி. 2015-ல் நாடெங்கும் கடைகள் வைத்திருந்த மெஜஸ்டிக் ஒயின், நேக்கட்டை 7 கோடி பவுண்டுக்கு வாங்கியது. கோர்ம்லியே மெஜஸ்டிக்கின் தலைவரும் ஆனார். நாலு வருடத்தில் ஆட்டம் தலைகீழ். 2019-ல் கடைகளையெல்லாம் விற்றுவிட்டு, பங்குச் சந்தையில் இருந்த கம்பெனி தன் பெயரையே நேக்கட் ஒயின்ஸ் என்று மாற்றிக்கொண்டது. லண்டனை ஒட்டிய வாட்ஃபோர்டில் இருந்த தலைமை, நார்விச்சுக்குப் போனது. வாங்கப்பட்ட மருமகள் மாமியார் வீட்டை விற்றுவிட்டு எல்லாரையும் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போன கதை!

ஏன் நார்விச்? அங்கே ஆட்கள் இருந்தார்கள். வர்ஜின், நேக்கட் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து பதினைந்து இருபது வருடத்தில் அந்த ஊரில் ஒயின் வாங்க, விற்க, வாடிக்கையாளரோடு பேசத் தெரிந்த ஒரு கூட்டத்தையே வளர்த்திருந்தன. தலைமை அலுவலகத்தை வாடகை இழுக்கும், வரி இழுக்கும், முதலீட்டாளர் இழுப்பார். ஆனால் கட்டி வைத்திருப்பது ஆள்தான்.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு பத்திரிகையின் அலுவலகம், மவுண்ட் ரோட்டிலிருந்து ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாறியது. வாடகை பாதியாகிவிட்டது என்று மேலிடத்தில் சந்தோஷம். மூன்று மாதத்தில் பிழை திருத்தும் பெரியவர் நின்றுவிட்டார், இரண்டு பஸ் மாற அவரால் முடியவில்லை. ஒரு வருடத்துக்குள் லேஅவுட் பிரிவில் பாதிப் பேர் புதுமுகம். பத்திரிகையில் பிழை மலிந்தது. வாடகையில் மிச்சம் பிடித்தது கணக்குப் புத்தகத்தின் ஒரு பத்தியில் தெரிந்தது, பெரியவர் போனது எந்தப் பத்தியிலும் தெரியவில்லை.

இடமாற்றத்துக்குப் பிறகு

ப்ரைட் செல்லர்ஸ் மில்வாக்கிக்குப் போனதால் பணத்திலிருந்து விலகிப் போனதா? அங்கேதான் காலம் கைகொடுத்தது. ஏஓஎல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் கேஸ், 2014 முதல் ஒரு பஸ்ஸை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் நடுத்தர ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். நாட்டின் தொழில் முதலீட்டில் முக்கால்வாசி கலிபோர்னியா, நியூயார்க், மாசசூசெட்ஸ் என்ற மூன்றே மாநிலங்களுக்குப் போகிறது, மற்ற ஊர்களில் யாரும் தேடுவதே இல்லை என்பது அவருடைய பேச்சு. 2017-ல் அதற்கென்றே 15 கோடி டாலர் நிதி ஒன்றையும் திரட்டினார். அந்த வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர் ஜே.டி. வான்ஸ், ஆம், பின்னாளில் துணை அதிபரானவரே. கேஸின் ரெவல்யூஷன் குழுமம் ப்ரைட் செல்லர்ஸில் முதலீடு செய்தது. முக்கால் பங்கு பணம் புழங்கும் மூன்று மாநிலங்களில் ஒன்றை விட்டு வெளியேறியவர்களைத் தேடி, வெளியே இருப்பவர்களைத் தேடும் பணம் வந்தது. பாஸ்டனிலேயே இருந்திருந்தால் அந்தப் பஸ் அவர்கள் தெருப் பக்கம் வந்திருக்க வேலையில்லை.

ஊர் நல்ல ஊராக இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸின் விங்க் என்ற சந்தா ஒயின் கம்பெனி சாட்சி. க்ளப் டபிள்யூ என்று தொடங்கிப் பெயர் மாற்றிக்கொண்ட அந்தக் கம்பெனிக்கு எல்லாம் பக்கத்திலேயே இருந்தன: தோட்டம், பணம், ஹாலிவுட் பளபளப்பு. கொரோனா காலத்தில் கடைக்குப் போக முடியாத ஜனங்கள் வீட்டுக்கே ஒயின் வரவழைத்தார்கள். 2020-ல் மட்டும் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் நேரடியாக வீடுகளுக்கு அனுப்பியது சுமார் 84 லட்சம் பெட்டி, முந்தைய வருடத்தைவிட 27 சதவீதம் கூடுதல். அந்தச் சூட்டில் 2021 நவம்பரில் விங்க் பங்குச் சந்தைக்குப் போனது. 2022 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. பதின்மூன்று மாதம்தான் இடைவெளி. ஜனங்கள் மறுபடி வெளியே போய்க் குடிக்க ஆரம்பித்ததும் சந்தாவை நிறுத்தினார்கள். எந்த ஊர்த் தலைமை அலுவலகமும் அதைத் தடுத்திருக்காது.

மில்வாக்கியின் பழைய ஷ்லிட்ஸ் ஆலை வளாகம் இன்று ஷ்லிட்ஸ் பார்க் என்ற பெயரில் அலுவலகக் கட்டடங்களாக நிற்கிறது. பாப்ஸ்ட் ஆலையின் காய்ச்சும் கூடம் 2013-ல் ஹோட்டலாகிவிட்டது, அந்தப் பிரமாண்டமான செப்புக் கொப்பரைகளை மட்டும் எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

பாஸ்டனில் ஏதோ ஒரு மாடிப்படியில் இன்றைக்கும் கூரியர்காரர் ஏறிக்கொண்டிருப்பார். கையில் ஒயின் பெட்டி, பாட்டில் ஒன்றுக்கு ஒன்றேகால் கிலோ. கதவைத் திறப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். எங்கிருந்து வந்தது என்று பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்த்தாலும் அதில் கிடங்கின் முகவரிதான் இருக்கும்.